ஃபோல்டர்கள் நீங்கலாக

பிப்ரவரி 9, திங்கள்

மெஷின் இன்று மதியத்துக்குள் பலமுறை நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும், பல்லுக்கு மெருகேற்றும் பாலிஷ் அண்ணன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டி, "போம்மா, மாமியார் கூப்பிடுறாங்க" என்றார். மெஷினுக்கு அவர் வைத்த பெயர். அது நிற்கும்போது போடுகிற சத்தத்தைக் கேட்டால் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

"அப்படி என்னதான்டி வேலை, ஞாயித்துக்கிழமைகூட வர முடியாம?" என்று நேற்று அக்கா ஃபோனில் கேட்டாள். எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் லேபில் பல் செய்கிறோம். பல் டாக்டர்கள் வாயை ஸ்கேன் எடுத்து நெட்டில் அனுப்புவார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் 'வரவு' என்ற ஃபோல்டரில் வந்து விழும். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு சின்ன புரோகிராம் அங்கே என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றாக மெஷினுக்கு அனுப்பும். மெஷின் வெள்ளைக் கட்டியிலிருந்து பல்லைக் கடைந்து எடுக்கும். ஒரே பல் என்றால் ஒரே ஃபைல், சிக்கல் இல்லை. நான்கைந்து பல் என்றால் பல்லுக்கு ஒரு ஃபைலாகப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்குள் வைத்து அனுப்புவார்கள். புரோகிராமுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஃபோல்டரையும் ஃபைல் என்று நினைத்துத் திறக்கப் போய் முட்டிக்கொள்ளும். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திரையில் சிவப்பாக வரும். மெஷின் கத்தும். நான் எழுந்துபோய் ஃபோல்டரைப் பிரித்து, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் போட்டு, மறுபடி ஓட்டிவிட வேண்டும்.

அவ்வளவுதான் வேலை. ஜன்னல் இல்லாத அறை. தூசி வெளியே போகக்கூடாது என்று எப்போதும் சாத்தியிருக்கும் கதவு. காலையில் உள்ளே போனால் இரவு எட்டு மணிக்கு வெளியே வருகிறேன். வெளியே வெயிலா மழையா என்று பாலிஷ் அண்ணனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்றும் வேலை. மகள் வாண்டுவைப் பார்க்க அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

மதியம் வீடியோவில் பேசினேன். அக்கா மடியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா, "யாரு பாரு" என்றாள். வாண்டு திரையைப் பார்த்து, "ஃபோன் அம்மா" என்றாள்.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குக் கப்பலில் சமையல் வேலை. வருஷத்தில் பாதிக்குமேல் கடலில்தான். சிக்னல் கிடைக்கும்போது ஃபோனில் முகத்தைக் காட்டுவார். வாண்டு அவருக்கு 'ஃபோன் அப்பா' என்று பெயர் வைத்தபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவசரமாக, "அம்மான்னு சொல்லுடா கண்ணு" என்றாள். வாண்டு அண்ணாந்து அக்காவைப் பார்த்து, "அம்மா" என்றாள்.

சரியாகத்தானே சொன்னாள், பாவம். தூங்க வைப்பது யார், தலை பின்னுவது யார், கெட்ட கனவு கண்டு எழுந்தால் பக்கத்தில் இருப்பது யார்?

பிறகு மாமா வந்து ஃபோனை வாங்கினார். அக்கா வீட்டுக்காரர். நல்ல மனுஷன், சுற்றிவளைக்கத் தெரியாது. "ஏப்ரல் கடைசிக்குள்ள ஸ்கூல்ல சேக்கணும்மா. இங்கயே சேத்துடலாமா? சேத்துட்டா அப்புறம் நடுவுல இழுக்கக்கூடாது. கொழந்தைக்கும் நல்லதில்ல, உங்க அக்காவுக்கும் நல்லதில்ல." அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளக்கம் தேவையில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்னத்தை யோசிக்க!

பிப்ரவரி 17, செவ்வாய்

முதலாளியிடம் போனேன். முதலில் அந்தச் சிவப்பு எழுத்து விஷயம். "சார், அனுமதி மறுக்கப்பட்டதுன்னே வருது. பாஸ்வேர்டு ஏதாவது இருந்தா குடுங்க சார்" என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எப்பம்மா உனக்கு அனுமதி மறுத்தேன்?"

சரி என்று அந்தச் சூட்டோடு அடுத்ததைக் கேட்டேன். நாலு மணிக்குக் கிளம்பட்டுமா, ஞாயிறு லீவு கிடைக்குமா? அடுத்த தெருக் காப்பகத்தில் ஐந்து மணி வரைதான் குழந்தையை வைத்துக்கொள்வார்கள்.

மறுத்தார்.

"மெஷின் நிக்காம ஓடட்டும், நீ தாராளமா நாலு மணிக்குப் போ. யாரு உன்னக் கட்டிப் போட்டா? அதான் எடுத்ததுக்கெல்லாம் நின்னு தொலைக்குதே" என்றார். புரோகிராம் எழுதிக்கொடுத்த பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டானாம். ஃபோன் போட்டால் எடுப்பதில்லையாம்.

திரும்பி வந்து முதல்முறையாக அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. இந்த ஒரு பக்கமா என்னை இத்தனை மாதமாக இங்கே உட்கார வைத்திருக்கிறது?

பிப்ரவரி 24, செவ்வாய்

மெஷின் ஓடுகிற நேரத்தில் நெட்டில் படிக்கிறேன். என்னை மாதிரியே முட்டி நின்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். listdir என்று ஒரு கட்டளை. அதுதான் 'வரவு'க்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது. ஃபைல் ஃபோல்டர் பேதம் பார்க்காமல் பெயர்களை அள்ளிக் கொட்டிவிடுமாம். அதிலிருந்து ஃபோல்டர்களைப் பொறுக்கித் தள்ளுவது நம் பொறுப்பு.

நேற்று எனக்கே ஒரு யோசனை வந்தது. ஃபைல் பெயர் என்றால் கடைசியில் ஒரு புள்ளி வந்து பிறகு அது என்ன வகை என்று இருக்கும். ஃபோல்டரில் அது இருக்காது. ஆகவே பெயரில் புள்ளி இருந்தால் எடு, இல்லாவிட்டால் விடு. ஆஹா, என்ன மூளை என்று நானே மெச்சிக்கொண்டேன்.

இன்று காலை முதல் ஃபோல்டரிலேயே மாமியார் கத்தினாள். போய்ப் பார்த்தால் நோயாளியின் பெயர். முன்னால் இனிஷியல். இனிஷியலுக்குப் பக்கத்தில் ஜம்மென்று ஒரு புள்ளி.

நம் ஆட்கள் இனிஷியல் போடாமல் பல்கூடக் கட்டிக்கொள்ள மாட்டார்களா! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 2, திங்கள்

isfile என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கொடுத்து இது ஃபைலா என்று கேட்டால் ஆமாம் இல்லை என்று சொல்லும். காலையில் அதைச் சேர்த்தேன். ஓடவிட்டேன். சிவப்பு வரவில்லை. சத்தம் இல்லை. பத்து நிமிஷம் பார்த்தேன், அமைதியாக இருந்தது. வெற்றி என்று நினைத்து பாலிஷ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து மற்ற வேலைகளைப் பார்த்தேன். இப்படியே மதியமாகிவிட்டது.

முதலாளி கதவைத் திறந்தார். "என்னம்மா மெஷின் தூங்குது?"

அமைதி எதற்கு என்றால், அது ஒரு பல்கூடக் கடையவில்லை. பட்டியல் காலி. நான் கேட்ட ஒவ்வொரு பெயருக்கும் அது 'இல்லை' என்றே சொல்லியிருக்கிறது. எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டேன்.

எல்லார் முன்னாலும் கத்தினார். "தெரியாத விஷயத்துல எதுக்கு கைய வைக்கற? உன்ன பாத்துக்கத்தானே சொன்னேன், நோண்டச் சொன்னேனா?" பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஏன் அழுதேன்? திட்டினதுக்கா? இல்ல. காலைல டீ குடிச்சப்போ வாண்டு வந்தா எந்த மூலைல கட்டில் போடறதுன்னு யோசிச்சுட்டிருந்தேன். அதான்.

மார்ச் 3, செவ்வாய்

இனி அதைத் தொடமாட்டேன். சத்தியமாகத் தொடமாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

தொட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். listdir வெறும் பெயரைத்தான் கொடுக்கிறது, எந்த இடம் என்று சொல்வதில்லை. isfile அந்தப் பெயரை புரோகிராம் இருக்கும் இடத்தில் தேடும், 'வரவு'க்குள் தேடாது. வேறு தெருவில் நின்றுகொண்டு எங்கள் தெரு ஆட்களை விசாரித்தால் எவனுக்குத் தெரியும்? 'வரவு' என்பதைப் பெயருக்கு முன்னால் சேர்த்துக் கேட்கவேண்டும். அதற்கு join. ஒரே வரி. மதிய இடைவேளையில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஃபைல்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை.

ஆனால் பழைய புரோகிராமையே திரும்ப வைத்துவிட்டேன்.

பாலிஷ் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. "தானா ஓடுச்சுன்னா அப்புறம் உன்ன எதுக்கும்மா வச்சிருப்பாரு? மெஷின் பக்கத்துல ஒரு ஆள் வேணும்னுதானே எடுத்தாரு" என்றார்.

இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? ஓடாவிட்டால் வாண்டுவோடு இருக்க நேரமில்லை. ஓடினால் அவளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேலையில்லை. இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர். மத்தியானம் முழுக்க மாமியார் கூப்பிடக் கூப்பிடப் போய் ஃபோல்டர் பிரித்துக்கொண்டிருந்தேன், அதை நிறுத்தும் வழியைப் பையில் வைத்துக்கொண்டு.

மார்ச் 11, புதன்

வாண்டுவுக்குக் காய்ச்சல். அக்கா ஃபோனை அவள் காதருகே வைத்தாள். "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டிருந்தாள். "இங்கதான்டா இருக்கேன்" என்றேன். முனகல் நிற்கவில்லை. பிறகு அக்கா, "இங்கதான்டா இருக்கேன்" என்றாள். உடனே நின்றுவிட்டது.

போதும்டா சாமி. புது புரோகிராமைப் போட்டுவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

மார்ச் 14, சனி

நிற்கவே இல்லை. மூன்று நாளாக ஒரு சத்தம் இல்லை. முதலாளி வந்து சும்மா நின்று பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவதே பெரிய விஷயம்.

நாலு மணிக்குக் கிளம்பினேன். தெருவில் வெளிச்சம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள், ஒரு கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போக மனமில்லாமல் தெருத் தெருவாக நடந்தேன்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன், 29ஆம் தேதி ஞாயிறு வந்து வாண்டுவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. "நெசமாத்தான் சொல்றியா? ஆசை காட்டிட்டு ஏமாத்தக் கூடாதுடி, கொழந்தைய" என்றாள். குழந்தையைத்தான் சொன்னாளா?

மார்ச் 27, வெள்ளி

இன்று மதியம் ஒரு ஆள் லேபுக்கே வந்துவிட்டார். நல்ல உயரம், விளையாட்டு ஷூ, கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கால்பந்து நடுவராம். பந்து பட்டு முன்பல் நான்கும் போய்விட்டன. ஸ்கேன் எடுத்து அனுப்பி இரண்டு வாரமாகிறது, டாக்டரைக் கேட்டால் லேபைக் கேள் என்கிறாராம். "ஞாயித்துக்கிழம பைனல் மேட்ச்சுங்க. விசில் ஊதினா காத்துதான் வருது. பசங்க சிரிக்கறானுங்க" என்றார். பாலிஷ் அண்ணன் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

நான் 'வரவு'க்குள் தேடினேன். இருந்தார். ஃபோல்டர். நான்கு பல், நான்கு ஃபைல், திறக்கவே படவில்லை. அவருக்குக் கீழே இன்னொரு ஃபோல்டர். அதற்குக் கீழே இன்னொன்று. இனிஷியலும் புள்ளியுமாக வரிசையாக எல்லாரும் நின்றிருந்தார்கள்.

மெஷின் நிற்காமல் ஓடியது உண்மை. ஒரு பல் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. வாய் நிறைய வேண்டியவர்கள் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஃபோல்டர் வந்தால் விட்டுவிடு என்றுதானே எழுதினேன்? விட்டுவிட்டது. விட்டதை யாரிடமும் சொல்லவில்லை. நான் அதைச் சொல்லச் சொல்லவில்லையே. முன்பாவது கத்திக் கூப்பிட்டது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

முதலாளி திட்டியதை எழுதவில்லை. எல்லாவற்றையும் கையாலேயே பிரித்து, ஞாயிறு உட்பட உட்கார்ந்து முடித்துக்கொடுத்துவிட்டு அப்புறம் பேசு என்றார்.

ஞாயிறு உட்பட.

மார்ச் 29, ஞாயிறு

நேற்று அக்காவிடம் வர முடியாது என்று சொன்னபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நெனச்சேன்" என்றாள். அவ்வளவுதான். பின்னால் வாண்டு குரல், யார் ஃபோனில் என்று கேட்டது. அக்கா ஃபோனை வைத்துவிட்டாள்.

நடுவருடையதைத்தான் முதலில் முடித்தேன். நேற்றே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் இந்த அறையில் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்துக்கொண்டு இருக்கும்போது ஒன்று உறைத்தது. அழுத்தமாகவே எழுதுகிறேன், பிறகு மறக்கக் கூடாது. வாண்டுவையும் நான் இப்படித்தான் செய்தேன். என் நாள் முட்டாமல் ஓடவேண்டும் என்று அவளை எடுத்து ஓரமாக வைத்தேன். நல்ல இடத்தில்தான் வைத்தேன், பத்திரமாகத்தான் இருக்கிறாள். ஆனால் ஓரம் ஓரம்தான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

walk என்று ஒரு கட்டளை. அது வெளியே நின்று பெயர் கேட்பதில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழைந்து, அதற்குள் ஃபோல்டர் இருந்தால் அதிலும் நுழைந்து, இருக்கிற ஃபைலையெல்லாம் கொண்டுவருகிறது. ஃபோல்டரைத் தள்ளுவதற்குப் பதில் பிரிக்கிறது, நான் கையால் செய்ததையே.

அதிலும் ஒரு கண்ணி. எல்லா டாக்டர்களும் உள்ளே 'பல் 1', 'பல் 2' என்றே பெயர் வைக்கிறார்கள். அப்படியே வெளியே எடுத்தால் ஒருவர் பல்மேல் இன்னொருவர் பல் உட்கார்ந்துவிடும். இந்த முறை முன்னாலேயே கண்டுபிடித்தேன். ஃபோல்டர் பெயரை ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் ஒட்டிவிட்டேன். இனிஷியலோடுதான், இருந்துவிட்டுப் போகட்டும். புரியாத எதுவும் வந்தால் சும்மா தாண்டிப் போகக் கூடாது, திரையில் பெயரைக் காட்டி ஒரு மணி அடிக்கவேண்டும் என்றும் சேர்த்தேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

முழு வாரம் ஓடியது. ஒவ்வொரு நாளும் வந்ததையும் போனதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. இன்று முதலாளி கூப்பிட்டார். எதிர்பார்த்ததுதான். "இப்ப தானா ஓடுது. நீ இங்க உக்காந்து என்ன பண்ணப் போற?"

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. "சார், ஓடறதுக்கு ஆள் வேணாம். ஓடாம விட்டது எதுன்னு பாக்க ஆள் வேணும். போன மாசம் அந்த ஆள் இல்லாமத்தான் நம்ம பேரு நாறிப்போச்சு. அந்தத் தப்பப் பண்ணதும் நான்தான், இனிமே அத மோப்பம் பிடிக்கவும் என்னாலதான் முடியும். காலைல சீக்கிரமே வந்துடறேன். நாலு மணிக்குப் போயிடுவேன். ஞாயித்துக்கிழம வரமாட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. அந்தப் பையனுக்கு ஃபோன் போட்டுப் பாருங்க, எடுக்கறானான்னு."

என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் நடுவர் வந்துவிட்டார். பைனல் முடிந்ததிலிருந்தே வந்து நன்றி சொல்ல நினைத்தாராம். வாயெல்லாம் பல்லாக நின்றார். பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து, அந்தச் சின்ன அறைக்குள் ஒரு ஊது ஊதினார் பாருங்கள்! பாலிஷ் அண்ணன் கையிலிருந்த பல் கீழே விழுந்து உருண்டுவிட்டது. முதலாளி சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நடுவர் போனபிறகு, "நாலு மணின்னா நாலு மணிதான். மூணே முக்காலுக்கே பைய மாட்டிட்டு நிக்கக் கூடாது" என்றார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கூட்டி வந்துவிட்டேன்.

அக்கா எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்தாள். துணி, பொம்மை, வாண்டு போர்த்திக்கொள்ளும் அக்காவின் பழைய புடவை. "இது இல்லாட்டி தூங்கமாட்டா" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா பஸ் வரை வந்தார். அக்கா வரவில்லை, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்றாள். அடுப்பு அணைந்திருந்ததை நான் பார்த்தேன்.

பஸ்ஸில் வாண்டு வழியெல்லாம் கத்தினாள். "அம்மாட்ட போணும், அம்மாட்ட போணும்." ஒரு பாட்டியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிள்ளை பிடிப்பவள் என்று நினைத்தாரோ என்னவோ. நான்தாம்மா அம்மா என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 23, வியாழன்

சாப்பிடமாட்டேன் என்கிறாள். கதவருகே ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்த மாதிரியே. செஞ்சது சரியா? எனக்காகக் கூட்டிட்டு வந்தேனா, அவளுக்காகவா? தெரியல. தெரியல.

மே 3, ஞாயிறு

காலையில் தலை பின்னிவிட்டேன். கோணலாக வந்தது. கண்ணாடியில் பார்த்து, "கோணல்" என்றாள். ஆனால் அவிழ்க்கச் சொல்லவில்லை.

மே 16, சனி

நாலரைக்கு வீட்டுக்கு வந்தோம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், ஃபோன் அடித்தது. வாண்டு ஓடிப்போய் எடுத்தாள், முகத்தைப் பார்த்தாள், அங்கிருந்தே கத்தினாள்:

"அம்மா! இந்தா, ஃபோன் அம்மா பேசறாங்க!"

முதலில் எனக்குப் புரியவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள். கையில் இருந்த துணியோடு அப்படியே நின்றேன். பிறகு ஃபோனை வாங்கினேன். திரையில் அக்கா.

"சாப்டாளா?" என்றாள்.

"சாப்டா."

"என்னைய என்னன்னுடி சொன்னா இப்ப?"

"பெரியம்மான்னு" என்றேன்.

"ஓ" என்றாள். நாளைக்குக் கூட்டி வருகிறேன், இனி எல்லா ஞாயிறும் வருவோம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, தலை ஏன் கோணலாகப் பின்னியிருக்கிறாய் என்று திட்டினாள்.

அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.